முப்பது கிராம் உருண்டையில் எவ்வளவு சர்க்கரை?

திண்டிவனம் பக்கத்தில் மானாவாரியில் இரண்டு ஏக்கர் மணிலா போடும் குடும்பம் அது. கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். அறுவடை நேரத்தில் விலை இறங்கும்போதெல்லாம், காய்ந்த காயை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அப்படி ஒரு வருஷம் விலை மிகவும் சரிந்தபோது, அவருடைய மனைவி நான்கு மூட்டையை மட்டும் விற்கவிடாமல் நிறுத்திவைத்தார். அதை உடைத்து, பூஞ்சை பிடித்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மணலில் வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகு காய்ச்சி உருண்டை பிடித்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டிக்கடையில் முதலில் ஒரு ஜாடி வைத்தார்கள். மூன்றே நாளில் ஜாடி காலியானது.

அடுத்த வருஷம் பத்துக் கடை ஆனது. உருண்டை ஒவ்வொன்றும் 30 கிராம். வறுத்த பருப்பு இரண்டு கிலோ, வெல்லம் ஒரு கிலோ என்பது அளவு. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமியார். அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்டுவதில் ஊரிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஜாடியில் வெறுமனே போட்டு விற்றதைத் தனித்தனிக் கவரில் போடலாம் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். மழைக்காலத்தில் உருண்டை பிசுபிசுத்துப்போகாது, ஈ மொய்க்காது, பிள்ளைகளும் கையில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். நியாயமான யோசனைதான். டவுனில் கவர் அச்சடிக்கும் இடத்துக்குப் போனார். அங்கிருந்தவர் ஏற்கெனவே வேறு யாருக்கோ செய்த டிசைன் ஒன்றைக் காட்டி, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொடுத்தார். முன்பக்கத்தில் பச்சைப் பட்டையில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று இருந்தது.

"நாங்க வெல்லம்தானே போடறோம், அது சரிதான்" என்று இவரும் சம்மதித்தார்.

"சத்து விவரமெல்லாம் போடணுமா சார்?" என்று கேட்டதற்கு, "சின்ன பாக்கெட்டுக்கு அதெல்லாம் வேணாம்மா, சட்டத்துலயே விலக்கு இருக்கு" என்று பதில் வந்தது. 12,000 கவர். கவருக்கு 80 பைசா. மொத்தம் 9,600 ரூபாய்.

மாமியார் சாப்பிட்ட உருண்டை

மாமியாருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரையும் பத்தியமுமாக ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது. காபியில் சர்க்கரை கிடையாது, பாயசம் கிடையாது. உருண்டை பிடிக்கும்போதுகூட வாயில் போடமாட்டார்.

கவர் வந்த பிறகு அது மாறியதை யாரும் கவனிக்கவில்லை. மாதாமாதம் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் சுகாதாரப் பணியாளர் விரலில் ஊசி குத்திப் பார்த்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 236 காட்டியது. அதற்கு முன்பு 140-ஐ ஒட்டித்தான் இருந்து வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று பணியாளர் துருவித் துருவிக் கேட்டதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று உருண்டை சாப்பிட்டு வந்ததை மாமியார் சொன்னார்.

"ஏன் அத்தை, வெல்லம்னு உங்களுக்குத் தெரியாதா? பாகு காய்ச்சறதே நீங்கதானே?" என்று மருமகள் பதறினார்.

"தெரியும்மா. ஆனா நம்ம கவர்லயே போட்டிருக்கே, சர்க்கரை இல்லைன்னு. படிச்சவங்க பாத்துத்தானே அச்சடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பதில் சொல்ல மருமகளுக்கு வாய் வரவில்லை. பாகு காய்ச்சும் மாமியாரே அச்சடித்த எழுத்தை நம்பியிருக்கிறார் என்றால், கடையில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? அன்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை.

நம் பேச்சு வழக்கில் 'சர்க்கரை' என்றால் வெள்ளைச் சர்க்கரைதான். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேறு சாதி என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலும் இருப்பது அதேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற கணக்கில் வெல்லத்தையும் தேனையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். உணவு விளம்பரம், உரிமைகோரல் குறித்த 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்காத பொருளுக்குத்தான் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட முடியும். வெல்லப்பாகில் பிடித்த உருண்டைக்கு அந்த வாசகம் பொருந்தவே பொருந்தாது. கவர் சின்னதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் இது மாறாது.

ஸ்கேலை எடுத்த அலுவலர்

அந்த வாரத்திலேயே உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு கடையொன்றில் கவரைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த முகவரியை வைத்து வீட்டுக்கு வந்தார். பதிவுச் சான்றிதழைக் கேட்டார். அது சரியாக இருந்தது. 14 இலக்கப் பதிவு எண்ணும் கவரில் இருந்தது. அடுத்து, ஊட்டச்சத்து விவரமும் சேர்மானப் பட்டியலும் எங்கே என்று கேட்டார்.

"சின்ன கவருக்குத் தேவையில்லைன்னு சொன்னாங்க சார்."

"எவ்வளவு சின்னதுன்னு சொன்னாங்களாம்மா?"

வீட்டிலிருந்த பிள்ளையின் ஸ்கேலை வாங்கி அவரே அளந்தார். நீளம் 9 சென்டிமீட்டர், அகலம் 7. முன்பக்கம் மட்டும் 63 சதுர சென்டிமீட்டர். பின்பக்கமும் சேர்ந்தால் 126.

விதி இதுதான். 2020-ம் ஆண்டின் லேபிள் மற்றும் காட்சிப்படுத்துதல் ஒழுங்குமுறைப்படி, பொதியின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால், சேர்மானப் பட்டியல், தொகுப்பு எண், ஊட்டச்சத்து விவரம், பயன்படுத்தும் முறை போன்றவற்றை அந்தச் சின்னப் பொதியில் போட வேண்டியதில்லை. 'பொதியின் பரப்பு' என்பது முன்பக்கத்தை மட்டும் குறிப்பதல்ல. தட்டையான கவரென்றால் இரண்டு பக்கமும் சேரும். எடை குறைவு, விலை குறைவு, ஒரு ஆள் சாப்பிடுவது என்பதற்காக இந்த விலக்கு கிடைப்பதில்லை. பரப்பளவை வைத்துத்தான் கிடைக்கிறது. ஐந்து ரூபாய் பாக்கெட்டாக இருந்தாலும் 100-ஐத் தாண்டிவிட்டால் விவரம் போட்டே ஆக வேண்டும்.

விலக்கு கிடைத்தாலும் விவரம் சொல்லும் பொறுப்பு போய்விடுவதில்லை. சின்னப் பொதியில் விட்டதையெல்லாம், அவற்றை மொத்தமாக வைத்து அனுப்பும் பெட்டியிலோ பெரிய பொதியிலோ போட வேண்டும். பொருளின் பெயர், எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி, தேதி ஆகியவற்றை இந்த 100 சதுர சென்டிமீட்டர் விலக்கைக் காட்டி விட்டுவிட முடியாது.

அலுவலர் கெடுபிடி செய்யவில்லை. அந்தக் கவரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்கச் சொன்னார். ஏறக்குறைய 7,000 கவர் மிச்சம் இருந்தது. ஒரு மூட்டை மணிலாக் காசு போயிற்று என்று கணவர் அன்று முழுக்கப் புலம்பினார்.

நோட்டில் போட்ட கணக்கு

புதிய கவருக்கு எண்கள் வேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்தில் நடந்த ஒரு மதிப்புக்கூட்டல் பயிற்சியில், கணக்கு எப்படிப் போடுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

30 கிராம் உருண்டையில் இரண்டு பங்கு பருப்பு, ஒரு பங்கு வெல்லம். அதாவது வறுத்த பருப்பு 20 கிராம், வெல்லம் 10 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டு, பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் வறுத்த நிலக்கடலையில் சுமார் 570 கிலோ கலோரி, 26 கிராம் புரதம், 40 கிராம் கொழுப்பு, 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 383 கிலோ கலோரியும் 95 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. புரதமும் கொழுப்பும் வெல்லத்தில் பெயருக்குத்தான்.

பருப்பின் எண்களில் ஐந்தில் ஒரு பங்கு, வெல்லத்தின் எண்களில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக் கூட்டினால் ஓர் உருண்டையின் கணக்கு வந்துவிடும். கலோரி 114-ம் 38-ம் சேர்ந்து 152. புரதம் 5 கிராமுக்குச் சற்று மேல். கொழுப்பு 8 கிராம். மாவுச்சத்து 15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சேர்க்கப்பட்ட சர்க்கரை ஏறக்குறைய 9 கிராம்.

அடுத்தது சதவீதம். சராசரி வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அடிப்படையில், ஒரு முறை சாப்பிடும் அளவு அதில் எத்தனை சதவீதம் என்று லேபிளில் காட்ட வேண்டும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. உருண்டையின் கலோரி 2,000-ல் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கொழுப்பு 12 சதவீதம். சேர்க்கப்பட்ட சர்க்கரை 18 சதவீதம்.

மகள் அந்த 18-ஐப் பேனாவால் வட்டம் போட்டாள். "அப்போ ஆயா தினமும் ரெண்டு சாப்பிட்டப்ப 36 சதவீதம்மா. சுகர் இல்லாத ஆளுக்கே மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுது."

இந்தக் கணக்கு முதல் மதிப்பீடுதான். வெல்லத்தின் தரம், பாகின் பதம், பருப்பு ரகம் ஆகியவற்றைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். அதனால் அச்சுக்குப் போகும் முன்பு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. அவர் அப்படித்தான் செய்தார். சோதனைக்குக் கட்டணம் உண்டு. ஆனால் 7,000 கவரை வீணாக்குவதைவிட அது குறைவு.

ஏழுக்கு ஏழு

மறுபடி கவர் அச்சடிக்கப் போனபோது, அச்சடிப்பவர் தன் தவறுக்கு வருத்தப்பட்டார். கூடவே ஒரு வழியும் சொன்னார்.

"கவரை ஏழுக்கு ஏழு ஆக்கிடலாம்மா. உருண்டை கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் சேத்து 98தான் வருது. 100-க்குள்ள. சத்து விவரமே போட வேணாம். பெட்டியில மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போதும்."

சட்டப்படி அதில் தப்பு எதுவும் இல்லை. கவர் செலவும் குறையும். கணவருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. "சர்க்கரை 9 கிராம்னு நாமளே போட்டுக்கிட்டா யாரும்மா வாங்குவாங்க? பெரிய கம்பெனிக்காரனே பொடி எழுத்துல மூலையில போடறான்" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைந்ததை, விலையில்லாத காலத்தில் காப்பாற்றிக் கொடுத்த தொழில் அது. அதற்குத் தாங்களே குழி பறிப்பதா?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாராம். "பெட்டி கடைக்காரர்கிட்ட இருக்கும். உருண்டை வாங்கற புள்ளைக்குப் பெட்டி தெரியுமா? ஜாடியிலேர்ந்து எடுத்துக் கையில குடுப்பாங்க. படிக்கணும்னா அந்தக் கவர்தான் அவங்க கையில இருக்கும். நம்ம அத்தையும் கவரத்தான படிச்சாங்க?"

கவர் 9-க்கு 7 ஆகவே இருந்தது. பின்பக்கம் முழுக்க விவரம்.

எண்களை எழுதும் விதத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். 100 கிராமுக்கு இவ்வளவு என்றும் போடலாம், ஒரே ஆள் ஒரே வேளையில் சாப்பிடும் பொதியாக இருந்தால் ஒரு பொதிக்கு இவ்வளவு என்றும் போடலாம். விதியில் இரண்டுக்கும் இடம் உண்டு. 100 கிராம் கணக்கில் போட்டால் கலோரி 507, சர்க்கரை 30 கிராம் என்று வரும். உருண்டையைக் கையில் வைத்திருக்கிறவர் அதை 30 கிராமுக்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டும். யாரும் போடப்போவதில்லை. அதனால் 'ஓர் உருண்டையில்' என்று தலைப்பிட்டு, உருண்டைக்கு உள்ள எண்ணையே போட்டார்கள். 'வேர்க்கடலை உள்ளது' என்ற ஒவ்வாமை எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். 'சர்க்கரை சேர்க்காதது' இருந்த பச்சைப் பட்டையில் 'வேர்க்கடலை, வெல்லம் மட்டும்' என்று வந்தது.

ஒரு கடைக்காரர் புதிய கவரைப் பார்த்துவிட்டு ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று வரை அவர் வாங்குவதில்லை. சர்க்கரை நோயுள்ள வாடிக்கையாளர்கள் சிலரும் நிறுத்திவிட்டார்கள். அது நல்லதுதான் என்று இவரே சொல்கிறார். அதேநேரம், பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர் கவரில் 5 கிராம் புரதம் என்பதைப் படித்துவிட்டு, ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை கொடுக்கக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். மொத்தத்தில் பழைய விற்பனைக்கு இன்னும் கொஞ்சம் குறைவுதான்.

மாமியாருக்கு இப்போது வெல்லம் சேர்க்காத வறுத்த கடலை ஒரு கைப்பிடி. சர்க்கரை அளவு பழையபடி இறங்கியிருக்கிறது. பாகுப் பதம் பார்ப்பது இன்னும் அவர்தான்.

வாங்கும்போதும் ஒரு கணக்கு

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கடையில் வாங்கும் எந்தச் சின்ன பாக்கெட்டையும் மகள் முதலில் திருப்பிப் பார்க்கிறாள். எண்கள் 100 கிராமுக்கா, பாக்கெட்டுக்கா என்பது அவளுடைய முதல் கேள்வி. ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று இருக்கிறது, பாக்கெட்டின் எடை 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் 240 மில்லிகிராம் போகிறது. 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை உள்ள பழ பானம் 150 மில்லி டப்பாவில் வந்தால், டப்பாவைக் குடித்து முடிக்கும்போது 18 கிராம் உள்ளே போயிருக்கும். ஒரு நாளைய 50 கிராமில் அது 36 சதவீதம். 'ஒரு பரிமாறல்' என்று போட்டிருந்தால், பாக்கெட்டுக்குள் எத்தனை பரிமாறல் என்றும் பார்க்க வேண்டும். சின்ன பாக்கெட்டை யாரும் பாதியில் மடித்து வைப்பதில்லை.

எள்ளுருண்டை, தினை லட்டு, கம்பு முறுக்கு, வாழைக்காய் சிப்ஸ் என்று விளைந்ததைச் சிறு பொதியாக்கி விற்க நினைக்கும் குடும்பங்கள், அச்சடிக்கப் போவதற்கு முன்பே காலிக் கவரை மேசையில் விரித்து ஸ்கேலால் அளந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டி 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கவரில் போடப்போகும் ஒவ்வொரு வாசகத்தையும், முக்கியமாக 'இல்லை', 'சேர்க்காதது' என்று முடியும் வாசகங்களை, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. முதலில் 500 கவர் மட்டும் அடித்து விற்றுப் பார்க்கலாம்.

மிச்சமான அந்த 7,000 கவரில் ஒன்றை மட்டும் அவர் பாகு காய்ச்சும் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அது என்ன என்று கேட்டால், "அது எங்க அத்தை நம்பின கவர்" என்கிறார்.